அம்பின் வேகம்

பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பவர் கையைக் கட்டிக்கொள்ள வேண்டும். அரூர் கம்ப்யூட்டர் சங்கத்தில் இருந்த ஒரே சட்டம் அதுதான். வாயால் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லலாம், பொறுமை போனால் திட்டவும் செய்யலாம். ஆனால் அடுத்தவர் மௌஸைத் தொட்டால் அன்றைக்கு எல்லோருக்கும் அவர்தான் டீ வாங்கித் தர வேண்டும்.

சட்டம் போட்டவள் குள்ளம்மாள். சங்கம் தொடங்கிய புதிதில் சென்னப்பன் யார் எதைக் கேட்டாலும் "நகருங்க நகருங்க" என்று மௌஸைப் பிடுங்கிக்கொள்வார். மின்வாரியத்தில் வயர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், கை சும்மா இருக்காது. நாலு தட்டுத் தட்டிவிட்டு "ஆச்சு பாருங்க" என்பார். ஆனதைப் பார்ப்பார்கள். எப்படி ஆனது என்று யாருக்கும் தெரியாது. ஒருநாள் குள்ளம்மாள் நாற்காலியை விட்டு நகர மறுத்துவிட்டாள்.

"ஏண்ணா, எனக்குப் பசிச்சா நீங்க சாப்புட்டுருவீங்களா?"

"இல்ல குள்ளம்மா, சீக்கிரம் முடியட்டுமேன்னு..."

"சீக்கிரம் முடிச்சிட்டு எங்க போறோம்? கையைக் கட்டுங்க. வாயால சொல்லுங்க."

சித்தேரி மலையில் சாமை விதைத்துக்கொண்டிருந்தவள் குள்ளம்மாள். முட்டி தேய்ந்த பிறகு அரூரில் மகள் வீட்டுக்கு இறங்கி வந்தவள். எழுத்துக் கூட்டித்தான் படிப்பாள். படிக்கும்போது உதடு அசையும். தட்டச்சுக்கு அவள் போகவே இல்லை. மைக் குறியைத் தட்டிவிட்டு, எதிர்மலையில் இருப்பவரைக் கூப்பிடுவதுபோல் கம்ப்யூட்டரைக் கேட்பாள். "புளி என்னா வெல போவுது?" என்று அவள் கேட்டால் தீர்த்தமலை சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள்.

சங்கம் அந்தச் சாலையில்தான் இருந்தது. பழைய ரேஷன் கடைக் கட்டடம். மூடிப்போன ஒரு டியூஷன் சென்டர் கொடுத்த மூன்று கம்ப்யூட்டர்கள். செவ்வாயும் வெள்ளியும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு திறப்பார்கள். ஆட்கள் வருவார்கள், போவார்கள். தவறாமல் வந்தவர்கள் நான்கு பேர்: சென்னப்பன், குள்ளம்மாள், உடற்பயிற்சி ஆசிரியராக இருந்த சவுரியப்பன், அன்பரசி.

அன்பரசி கடைசியாகச் சேர்ந்தவள். கிராம சுகாதாரச் செவிலியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தடுப்பூசிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மலைப் பஸ்ஸில் ஏறி இறங்கியே அவளுடைய நல்ல வயதெல்லாம் போயிருந்தது. சேர்ந்த அன்றே குள்ளம்மாள் அவளைக் கண்டுகொண்டாள். "நீங்க ஊசிக்கார சிஸ்டரு இல்ல? எம்மவளுக்கு நீங்கதான் போட்டீங்க. புள்ள அழவே இல்ல. ஊசி போட்டாச்சான்னு நான்தான் கேட்டேன்."

அன்றைக்கே சென்னப்பன் அன்பரசியின் போனை வாங்கி ஒரு கணக்கைப் போட்டுக் கொடுத்தார். சங்கத்துக்கே ஒரு கணக்குதான், ஒரு பாஸ்வேர்டுதான். எல்லாருடைய போனிலும் அதுவே. "ஆளுக்கொரு சாவி குடுத்தா ஆளுக்கொரு தடவ தொலைச்சிட்டு வந்து நிப்பீங்க. ஒரே வூடு, ஒரே சாவி. தொல்ல வுட்டுது." அவள் சரி என்று தலையாட்டினாள்.

வந்த சில நாட்களில் அவளுக்கு அந்த இடம் கொஞ்சம் விசித்திரமாகப் பட்டது. சென்னப்பனுக்குச் சொல்லிக் கொடுப்பவர்கள் எல்லோரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போய் அவருக்கு வலப்பக்கம்தான் உட்கார்ந்தார்கள். இடப்பக்கம் காலியாகவே கிடந்தாலும். ஏதோ சகுனம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். இன்னொரு நாள் குள்ளம்மாள் இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து சின்ன எவர்சில்வர் டம்ளர் ஒன்றை எடுத்து சவுரியப்பனிடம் நீட்டினாள். "வூட்டுல சும்மா கெடந்துச்சு சார். இதுல தல தட்டி ஒண்ணு போட்டீங்கன்னா ஒரு ஆளுக்குச் சரியா இருக்கும்." மனைவி இறந்து ஒரு வருடம்கூட ஆகாதவரிடம் இப்படியா பேசுவது என்று அன்பரசிக்குக் கூசியது. சவுரியப்பன் டம்ளரை வாங்கி அதன் உள்ளே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

அன்பரசியின் வலது கை நடுங்க ஆரம்பித்தது எப்போது என்று அவளுக்கே சரியாகத் தெரியாது. கவனித்தது மட்டும் இங்கேதான். வீட்டில் கை ஆடினால் கையளவில் நின்றுபோகும். குழம்புக் கரண்டியோ புடவைப் பின்னோ கொஞ்சம் தடுமாறும், யாரும் பார்ப்பதில்லை, அவளும் பார்க்காததுபோல் இருந்துவிடலாம். கம்ப்யூட்டரில் அப்படி இல்லை. கையில் இருப்பது கடுகத்தனை நடுக்கமாக இருந்தாலும் திரையில் அந்த வெள்ளை அம்பு துடித்தது. ஓர் எழுத்தின் மேல் நிற்கப் போய் அடுத்த எழுத்துக்குத் தாவியது. உடம்புக்குள் இருப்பதை எடுத்து வெளிச்சம் போட்டு நாலு பேர் நடுவில் மாட்டியதுபோல இருந்தது.

"இந்த மௌஸு சரியில்லண்ணா" என்றாள் முதல் நாள்.

"ஆமாங்க, பழசு" என்றார் சென்னப்பன். மறுமுறை அவளுக்கு வேறு மௌஸ் வைத்திருந்தார். அம்பு அதிலும் துடித்தது. அதற்குப் பிறகு மௌஸைப் பற்றி இருவரும் பேசவில்லை.

நடுக்கத்தில் பல வகை உண்டு என்று அன்பரசிக்குத் தெரியும். மாத்திரையில் அடங்குவது உண்டு, வயதோடு வந்து வயதோடு கிடப்பது உண்டு, வருடத்துக்கு வருடம் கையிலிருந்து காலுக்கும் காலிலிருந்து நடைக்கும் பரவுவதும் உண்டு. தன்னுடையது எது என்று ஒரு டாக்டர் சொல்லிவிடுவார். சொல்லிவிடுவார் என்பதுதான் பயமே. "காட்டிட்டா நிம்மதி, எதுக்குப் பயப்படறீங்க" என்று எத்தனை பெண்களை அதட்டி ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருக்கிறாள். அவர்கள் எல்லாம் தலையைக் குனிந்துகொண்டு புடவை நுனியைத் திருகியது ஏன் என்று அப்போது புரியவில்லை. அவர்களிடம் கொஞ்சம் மெதுவாகப் பேசியிருக்கலாம்.

மகன் சத்யராஜ் ஓசூரில் இருந்தான். மாடியில் அவளுக்கென்று ஓர் அறை கட்டி வைத்திருந்தான். மருமகள் பிரியங்கா நல்லவள். அதில்தான் சிக்கல். அந்த வீட்டுக்குப் போனால் "உக்காருங்க அத்தை" என்பாள். எழுந்தால் "எதுக்கு எழுந்துக்கறீங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்பாள். அன்பின் மிகுதியில் ஒருநாள் முழுக்க உட்கார வைத்துவிடுவார்கள். கை நடுங்குகிறது என்று தெரிந்தால் இரண்டு நாள் விருந்தாளி என்பது போய் அதுவே வாழ்க்கையாகிவிடும். அவளுடைய கையைப் பற்றிய முடிவுகளை அவளைத் தவிர மற்ற எல்லோரும் எடுப்பார்கள்.

அதனால் மனிதர்கள் யாரிடமும் கேட்கவில்லை. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம், வீட்டில், கட்டிலில் சாய்ந்தபடி போனிடம் கேட்டாள். கை நடுக்கம் குணமாகுமா. எழுத்துகளை ஒவ்வொன்றாகத் தேடித் தட்டினாள். வந்த பதில்களில் பாதி பயமுறுத்தின, பாதி எண்ணெய் விற்றன. போனை மூடி வைத்துவிட்டாள். யாருக்கும் தெரியாமல் ஒரு கேள்வியையாவது கேட்டுவிட்டோம் என்பதே அன்றைக்கு ஆறுதலாக இருந்தது.

அந்த வெள்ளிக்கிழமைதான் அது நடந்தது. வழக்கமான இடத்தில் உட்கார்ந்து, உள்ளுக்குள் பல்லைக் கடித்துக்கொண்டு மௌஸின் மேல் கை வைத்தாள். அம்பு துடிக்கவில்லை. நகர்த்தினாள். சொன்ன பேச்சைக் கேட்டு மெல்லப் போய் எழுத்தின் மேல் நின்றது. மறுபடியும் நகர்த்தினாள். மறுபடியும் நின்றது.

மணிக்கட்டுக்கு அடியில் நாலாக மடித்த பழைய துண்டு ஒன்று இருந்தது. "இது யாரு வச்சது?"

"மேச ஆடுதுல்ல, அதுக்குதான்" என்றாள் குள்ளம்மாள், கையைக் கட்டிக்கொண்டு.

அன்பரசிக்கு அதெல்லாம் பெரிதாகப் படவில்லை. அவள் அம்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று முழுக்க எதையெல்லாமோ தட்டினாள். பேத்தியின் படத்தைத் திறந்தாள், மூடினாள், வெட்டி ஒட்டினாள். முதுகு தானாக நிமிர்ந்துகொண்டது. பல மாதங்களாக இடது கைக்குள் ஒளித்து வைத்திருந்த வலது கையை மேசைமேல் அது பாட்டுக்கு விட்டுவைத்தாள்.

வீட்டுக்குப் போனதும் காபி சாஸருக்குள் சிந்தியது. கண்டுகொள்ளாமல் விட முடியவில்லை. ஆனால் காரணம் ஒன்று தயாராக வந்து நின்றது. வீட்டில் தனியாக இருக்கிறேன், அதனால்தான். நாலு பேர் நடுவில் இருந்தால் கை அடங்கிவிடுகிறது. அப்படியென்றால் இது நரம்பு இல்லை, மனசு. மனசுக்கு மருந்து தீர்த்தமலை ரோட்டிலேயே இருக்கிறது. முப்பது வருடம் நோயாளிகளைப் பார்த்தவள் அப்படி நினைத்தாள். நினைக்க அவ்வளவு சுகமாக இருந்தது.

சில வாரங்கள் கழித்து, சங்கம் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கும்போது சவுரியப்பனிடம் அவளே சொன்னாள். இருக்கும்போது சொல்ல முடியாததைப் போய்விட்டது என்றான பிறகு சொல்ல முடிந்தது.

"கொஞ்ச நாளா கை லேசா ஆடிச்சுங்க சார். சேலத்துக்குப் போயி டாக்டர பாக்கலாம்னுகூட இருந்தேன். இப்ப சரியாப் போச்சு. இனி வேண்டியதில்ல."

சவுரியப்பன் நடையை நிறுத்தினார். "நல்லதுங்க" என்றார். முகத்தில் நல்லது எதுவும் தெரியவில்லை. மனைவியை ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு அலைந்தவர், அந்தப் பேச்சே பிடிக்கவில்லை போல என்று அன்பரசி எண்ணிக்கொண்டாள்.

அதற்குப் பிறகும் இரண்டு வாரம் சந்தோஷமாகப் போனது. மூன்றாவது செவ்வாய், தீர்த்தமலைக்கு விடிகாலையில் பஸ் இருக்கிறதா என்று பார்க்கலாம் என்று தேடுகிற பெட்டியின் மேல் ஒரு தட்டுத் தட்டினாள். இன்னும் ஓர் எழுத்துகூடப் போடவில்லை. பெட்டிக்கு அடியில் ஒரு வரி தானாகத் திறந்துகொண்டது.

கை நடுக்கம் குணமாகுமா.

வீட்டில், கட்டிலில், தன் போனிடம் கேட்ட கேள்வி. இங்கே, மூன்றாவது கம்ப்யூட்டரில், பட்டப்பகலில். பக்கத்தில் குள்ளம்மாள் கையைக் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்தபடி இருந்தாள். எழுத்துக் கூட்டிப் படித்து முடிப்பதற்குள் மறைத்துவிடலாம். அன்பரசி அவளுடைய உதடுகளைப் பார்த்தாள், எப்போது அசையப்போகின்றன என்று.

அசையவில்லை. டீக்கடைப் பலகையைக்கூடக் கூட்டிப் படிப்பவளுக்கு இந்த வரியைப் படிக்க வேண்டியிருக்கவில்லை. ஏற்கெனவே படித்திருந்தாள்.

"மழ வர்ற மாதிரி இருக்குதுல்ல?" என்றாள் குள்ளம்மாள், ஜன்னல் பக்கம் திரும்பி. வெளியே வெயில் தார் ரோட்டை உருக்கிக்கொண்டிருந்தது.

அன்பரசி பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். வெள்ளிக்கிழமை போகவில்லை. அடுத்த செவ்வாயும் போகவில்லை. சென்னப்பன் போன் செய்தபோது உறவுக்காரர்கள் வந்திருப்பதாகச் சொன்னாள்.

உறவுக்காரர்கள் யாரும் வரவில்லை. அவளும் அந்த வரியும் மட்டும்தான் வீட்டில் இருந்தார்கள். எது வலிக்கிறது என்று அவள் தனக்குள் தொட்டுத் தொட்டுப் பார்த்தாள், வயிற்றை அழுத்திப் பார்ப்பதுபோல. நோய் தெரிந்துவிட்டது என்பதா? அதில்லை. பயந்திருக்கிறேன் என்பது தெரிந்துவிட்டது. குணமாகுமா என்ற அந்தச் சொல்லில் செவிலி இல்லை, படித்த பெண் இல்லை, வெறும் பயம் மட்டும் இருந்தது. அதை அவர்கள் பார்த்துவிட்டார்கள். ஒரு மலைக்கே ஊசி போட்டவள், கூட்டத்தில் உடை நழுவியவள்போலக் குறுகிப் போனாள். சென்னப்பனிடம் சொல்லி அந்தக் கணக்கைப் போனிலிருந்து எடுத்துவிட வேண்டும், அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கக்கூடாது என்று முடிவு செய்தாள்.

வெள்ளிக்கிழமை மதியம் போனாள். கதவு ஒருக்களித்துச் சாத்தியிருந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தபோது உள்ளே குள்ளம்மாளின் குரல் கேட்டது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்தி மைக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

"சிஸ்டரு... கை... நல்லாயிடணும்."

பிறகு அவளே கேட்டாள்: "என்னாண்ணா சொல்லுது?"

"வளையல் காட்டுது குள்ளம்மா."

"வளையலா?"

"கைன்னு சொன்னியில்ல. டிசைன் டிசைனாக் காட்டுது. கல்லு வச்சது, கவரிங்கு..."

"இதுக்கு மலையில நிக்குற சாமியே தேவல. அது சும்மாவாச்சும் இருக்கும்."

அன்பரசிக்கு வந்தது சிரிப்பா, அழுகையா என்று பிரிக்க முடியவில்லை. அதற்குள் சவுரியப்பனின் குரல் எழுந்தது. அவர் குரல் எழுந்து அவள் கேட்டதே இல்லை.

"அம்ப மெதுவாக்கி வச்சது தப்புங்க. அப்பவே சொல்லியிருக்கணும் நான்."

"நல்லதுக்குத்தான் சார் பண்ணேன்" என்றார் சென்னப்பன். "அது ஆடுறதப் பாத்துப் பாத்து அந்தம்மா மூஞ்சி சுருங்கிப் போவுது. என்னால பாத்துக்கிட்டு இருக்க முடியல. வேகத்தக் கொறைச்சு வச்சா கை ஆடுனாலும் அம்பு ஆடாது. அவ்வளவுதான் நெனச்சேன்."

"அவங்க கை நல்லாயிடுச்சுன்னு நெனச்சிட்டாங்களே! இனி டாக்டர் வேண்டியதில்லன்னு எங்கிட்டயே சொன்னாங்க. நானும் நல்லதுங்கன்னு சொல்லிட்டு நின்னேன். எங்க வூட்டுக்காரியும் இப்பிடித்தான். இப்ப தேவல, இப்ப தேவலன்னு சொல்லிச் சொல்லி நாள ஓட்டுனா. நான் நம்புனேன். நம்பறதுக்கு எனக்கும் சொகமா இருந்துச்சு. இன்னொரு தடவ என்னால நம்ப முடியாதுங்க."

வெளியே அன்பரசி அசையாமல் நின்றாள். அசையாமல் என்பது அவள் எண்ணம். தாழ்ப்பாளின் மேல் இருந்த கை ஆடியதில் இரும்பு கடகடவென்று சத்தம் போட்டது. உள்ளே பேச்சு நின்றது. இனி திரும்பிப் போக முடியாது.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மூன்று பேரும் எழுந்து நின்றார்கள், தப்புச் செய்த பிள்ளைகளைப்போல.

"எத்தன நாளாத் தெரியும்?"

சென்னப்பன் தரையைப் பார்த்தார். குள்ளம்மாள்தான் பேசினாள். "நீங்க கேட்ட மறுநாளே தெரியும் சிஸ்டரு. ஒரே சாவியில்ல? யாரு எந்த வூட்டுல இருந்து என்னா கேட்டாலும் இங்க வந்து வுழுந்துரும். மொதல்ல எங்களுக்கும் தெரியல. தெரிஞ்சப்போ எல்லாருதும் எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு."

"எல்லாருதுமா?"

"ஒரு ஆளுக்கு எவ்வளவு அரிசி போடணும்னு நான்தாங்க கேட்டேன்" என்றார் சவுரியப்பன். "அவ போன புதுசுல. தெனம் ரெண்டு ஆளுக்குப் பொங்கிப் பொங்கிக் கொட்டிட்டு இருந்தேன். யாருகிட்டப் போயி கேக்குறது இத? அடுத்த வாரமே இந்தம்மா டம்ளரக் கொண்டாந்து குடுத்துச்சு. ஏன், எதுக்குன்னு ஒரு வார்த்த கேக்கல."

சென்னப்பன் இடது காதைத் தடவிக்கொண்டார். "எனக்கு இந்தப் பக்கம் சுத்தமா கேக்காதுங்க. அத நான் யாருகிட்டயும் சொன்னதில்ல. அதுகிட்ட மட்டுந்தான் கேட்டேன். மறுவாரம் பாத்தா எல்லாரும் நாக்காலியத் தூக்கிக்கிட்டு இந்தப் பக்கம் வந்துட்டாங்க."

அன்பரசி அவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்தாள். சகுனம் என்றும் நாகரிகம் இல்லாத பேச்சு என்றும் அவள் நினைத்ததெல்லாம் இதுவா? கோபம் வந்த வழியே போயிருந்தால் நன்றாக இருந்திருக்கும். போகவில்லை. அது இடம் மாறி வேறொன்றின் மேல் போய் நின்றது.

"சாருக்கு டம்ளரு குடுத்தீங்க, சரி. அண்ணனுக்கு இந்தப் பக்கம் வந்து உக்காந்தீங்க, அதுவும் சரி. அவங்களுக்குக் குடுத்தது உண்மையா இருந்துச்சுக்கா. எனக்குக் குடுத்தது மட்டும் பொய்யி." குரல் உடைந்தது. "காய்ச்சக்காரங்களுக்குத் தெர்மாமீட்டர மாத்தி வச்ச மாதிரி பண்ணிட்டீங்க. நான் சந்தோஷமா இருந்தேன். அது என் கைன்னு நெனச்சேன்."

குள்ளம்மாளின் கண் நிறைந்து வழிந்தது. அவள் துடைத்துக்கொள்ளவில்லை.

அந்தக் கண்ணீரைப் பார்த்ததும் அன்பரசிக்கு ஒன்று தோன்றியது. இந்த மூன்று பேரும் தன் பயத்தைப் பார்த்து இத்தனை வாரங்கள் ஆகின்றன. அதற்குள் வானம் ஒன்றும் இடிந்து விழவில்லை. குறுகிப்போனது அவள் மட்டும்தான். இவர்கள் அந்தப் பயத்துக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்திருக்கிறார்கள்.

நாற்காலியை இழுத்துப் போட்டு மூன்றாவது கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தாள்.

"அண்ணா, அம்ப எங்க போயி மாத்துனீங்க?"

சென்னப்பன் பாய்ந்து வந்தார். "இருங்க, நானே பழையபடி..."

"கையைக் கட்டுங்க."

கட்டிக்கொண்டார். மற்ற இருவரும் வந்து நின்று கட்டிக்கொண்டார்கள். அவர் சொல்லச் சொல்ல அவள் ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டு போனாள். கடைசியில் ஒரு கோடும் அதன் மேல் சின்னக் குமிழும் வந்தன. குமிழ் இடப்பக்க ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைப் பிடித்து வலப்பக்கம் இழுத்தாள். இழுக்க இழுக்க அம்பு உயிர் வந்ததுபோல் ஆட ஆரம்பித்தது. பாதிக் கோட்டைத் தாண்டியதும் பழைய துடிப்பு முழுதாகத் திரும்பி வந்துவிட்டது.

நான்கு பேரும் அதைப் பார்த்தார்கள். யாரும் மழை வருகிறதா என்று ஜன்னல் பக்கம் திரும்பவில்லை.

"இதுதான் என் கை" என்றாள் அன்பரசி.

"ஆமா சிஸ்டரு" என்றாள் குள்ளம்மாள்.

சேலத்தில் நரம்பு டாக்டர் ஒருவரிடம் முன்பதிவு செய்ய அன்றைக்கே உட்கார்ந்தாள். பெயர் போட வேண்டிய இடத்தில் அம்பு நிற்கவில்லை, மேலே போனது, கீழே போனது. ஓர் எழுத்துக்கு இரண்டு எழுத்து விழுந்தது. அழித்தாள், போட்டாள். பாதியில் பக்கமே மூடிக்கொண்டு முதலிலிருந்து வரச்சொன்னது. சென்னப்பனின் கால் தரையில் தாளம் போட்டது. கட்டிய கைகளுக்குள் அவருடைய விரல்கள் அவர் சட்டையையே பிய்த்துவிடும்போல் இருந்தன. சவுரியப்பன் "அவசரமில்லங்க" என்று மட்டும் அவ்வப்போது சொன்னார். மூன்று ஜோடிக் கைகள் அவளுக்காக வலிக்க வலிக்கச் சும்மா இருந்தன. தன் வாழ்நாளில் யாரும் தனக்கு இவ்வளவு உதவி செய்ததில்லை என்று அவளுக்குப் பட்டது.

என்ன தொந்தரவு என்று கேட்ட இடத்தில் கை நடுக்கம் என்று தட்டினாள். இந்த முறை கேள்வியாக இல்லை.

மகனுக்கு அங்கிருந்தே போன் செய்தாள். "சத்யா, எனக்குக் கை நடுங்குது. கொஞ்ச நாளாவே இருக்குது. சேலத்துல டாக்டர பாக்கப் போறேன். இல்லப்பா, நீ லீவு போட வேணாம். டாக்டர் என்னா சொன்னாலும் நானே உனக்குச் சொல்றேன். அப்புறம் என்னா பண்ணலாம்னு நாம ரெண்டு பேரும் பேசலாம். நான் சொல்றதுக்குள்ள நீ முடிவு பண்ணக்கூடாது. பிரியங்காகிட்டயும் சொல்லிரு." அவன் ஏதோ கேட்டான். அவள் நிமிர்ந்து மூன்று பேரையும் பார்த்தாள். "தனியா இல்ல. ஆளு இருக்குது."

போனை வைத்ததும் சென்னப்பன் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்தக் கணக்க உங்க போன்லேர்ந்து எடுத்துரட்டுங்களா?"

"இருக்கட்டும்ண்ணா."

சேலத்துக்குக் குள்ளம்மாள் கூட வந்தாள். "எனக்கு அங்க ஒண்ணும் தெரியாது. சும்மா உக்காந்திருப்பேன்" என்று முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். பஸ் மஞ்சவாடி கணவாயில் வளைந்து இறங்கியபோது அன்பரசியின் மடியில் கை தன்பாட்டுக்கு ஆடிக்கொண்டிருந்தது. குள்ளம்மாள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"இது மௌஸு இல்லல்ல?"

"இல்லக்கா."

"அப்ப தொடலாம்" என்று எடுத்துத் தன் இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக்கொண்டாள். சாமை கசக்கிய கைகள், சொரசொரவென்று இருந்தன. கை ஆடுவது நிற்கவில்லை. குள்ளம்மாளும் நிறுத்தப் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் வரத் தாமதமானது. மருந்து வாசனை அன்பரசிக்குப் பழகியதுதான். நாற்காலியின் இந்தப் பக்கம் உட்கார்ந்து அதை மோந்ததில்லை, அவ்வளவுதான். போனை எடுத்து, மைக் குறியைத் தட்டி, வாய்க்கு அருகில் வைத்துச் சொன்னாள்: "டாக்டர் இன்னும் வரல. பயமா இருக்கு."

வழக்கம்போல் சம்பந்தமில்லாத என்னென்னவோ வந்து விழுந்தன. அவள் அதைப் பார்க்கவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துவிட்டுத் தேடுகிற பெட்டியின் மேல் மறுபடி ஒரு தட்டுத் தட்டினாள். அவள் சொன்ன வரிக்கு மேலே புதிதாக ஒன்று வந்திருந்தது.

இருக்கத்தான் செய்யும் நாங்கள் இங்கேயே இருக்கிறோம்.

அச்சுப்போல எழுதுபவர் சவுரியப்பன்தான். இன்னொரு முறை தட்டினாள். டீ குடிச்சிங்களா. இது சென்னப்பன். அன்றைக்குச் செவ்வாயும் இல்லை, வெள்ளியும் இல்லை. இரண்டு பேரும் ரேஷன் கடைக் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள், திரையில் ஏதாவது விழுகிறதா என்று.

"அன்பரசி யாருங்க? உள்ள வாங்க" என்று செவிலிப் பெண் ஒருத்தி கூப்பிட்டாள்.

அன்பரசி எழுந்தாள். வலது கையைப் புடவைத் தலைப்புக்குள் சுருட்டப் போனவள், அப்படியே வெளியே விட்டுவிட்டாள். போனைக் குள்ளம்மாளிடம் கொடுத்துவிட்டுக் கதவை நோக்கி நடந்தாள். உள்ளே காலெடுத்து வைக்கும்போது பின்னால் அந்தக் குரல் எழுந்தது, எதிர்மலைக்குக் கேட்கும்படி. தாழ்வாரத்தில் இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சிஸ்டர... உள்ள... கூப்புட்டாங்க!"